யு.எச்.எஃப். ஆன்டெனாவில் படம் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

கூரையில் யு.எச்.எஃப். (டிவி ஒளிபரப்பு பயன்படுத்தும் ஓர் உயர் அலைவரிசைப் பட்டை) ஆன்டெனா வைத்து டிவி பார்க்கிறவர் "படம் உடைகிறது" என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கும் யோசனை, "ஒரு பூஸ்டர் போடுங்க" என்பதுதான். பூஸ்டர் என்பது சிக்னலைப் பெருக்கும் கருவி; சிக்னல் குறைவாக இருந்தால் அந்த யோசனை சரி. ஆனால் சிக்னல் அளவுக்கு மீறி வந்தாலும் படம் உடையும். கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தாலும் உடையும். பக்கத்தில் புதிதாக எழும்பிய மொபைல் டவராலும் உடையும். இந்த மூன்றில் எதற்கும் பூஸ்டர் மருந்தாகாது. முதலாவதையும் மூன்றாவதையும் இன்னும் மோசமாக்கும்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு எந்தெந்த சேனல்களில்? எந்தெந்த நேரத்தில்? ஒரே ஒரு சேனலா, எல்லாமா. நாள் முழுக்கவா, காற்றடிக்கும்போதா, மழையிலா, விடியற்காலையிலா? இந்த இரண்டு விடைகளே பாதி வேலையை முடித்துவிடும். கீழே உள்ள எல்லாப் பகுதிகளும் இவற்றை ஒட்டித்தான் இருக்கின்றன.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் கூடும். கோளாறு வருவது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. சிக்னல் ஓர் எல்லைக்கு மேலே இருக்கும்வரை படம் குறையே இல்லாமல் இருக்கும். எல்லைக்குக் கீழே போனதும் கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, மறைந்துவிடும். அமெரிக்காவின் முதல் தலைமுறை டிஜிட்டல் முறையில் அந்த எல்லை, இரைச்சலைவிட (சிக்னலோடு கலக்கும் வேண்டாத மின்னலைகளைவிட) சிக்னல் ஏறக்குறைய 15 டெசிபல் (சிக்னலின் வலுவை ஒப்பிடும் அலகு) அதிகமாக இருக்கும் இடம். மற்ற முறைகளில் அளவு மாறும், நடத்தை ஒன்றுதான். எல்லைக்கு ஒரே ஒரு டெசிபல் மேலே நிற்கும் படத்துக்கும் இருபது டெசிபல் மேலே நிற்கும் படத்துக்கும் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

"நேற்றுவரை அருமையாக வந்ததே" என்பதில் இதனால்தான் அதிக அர்த்தம் இல்லை. நேற்றும் அது விளிம்பில்தான் நின்றிருக்கலாம்.

அடுத்தது, டிவியின் அமைப்புகளில் காட்டும் இரண்டு பட்டைகள்: சிக்னல் வலிமை, சிக்னல் தரம். பெரும்பாலோர் வலிமையை மட்டும் பார்க்கிறார்கள். படத்தைத் தீர்மானிப்பது தரம். இரண்டும் குறைவு என்றால் சிக்னலே போதவில்லை. வலிமை நிறைந்து தரம் குறைந்தால், வரும் சிக்னலோடு வேண்டாதது ஏதோ கலக்கிறது. இரண்டும் நன்றாக இருந்தும் படம் இல்லை என்றால் கோளாறு ஆன்டெனாவில் இல்லை. கூரைக்கு ஏற வேண்டியதும் இல்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்

ஸ்ப்ளிட்டர் (ஒரு கேபிளின் சிக்னலைப் பல டிவிகளுக்குப் பிரிப்பது), பூஸ்டர், சுவர் சாக்கெட், நடுவில் ஒட்டுப்போட்ட கேபிள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, ஆன்டெனாவிலிருந்து ஒரே கேபிளை நேராக ஒரே டிவிக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு சேனலின் தர அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கழற்றியதை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்த்ததும் அளவு விழுகிறது என்று பாருங்கள். கழித்துப் பார்க்கும் இந்த முறை அளவுக் கருவி எதுவும் இல்லாமலே பெரும்பாலான கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. கம்பத்தில் பொருத்திய பூஸ்டருக்கு மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்சாரம் இல்லாத பூஸ்டர் சிக்னலை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அதைக் கழற்றி இரு முனைகளையும் இணைத்தால்தான் சோதனை செல்லும்.

கூரைக்கு ஏறுவது என்று முடிவானால், மின்கம்பி எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். கம்பம் சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். ஈரக் கூரையிலும் இடி இடிக்கும்போதும் ஏறவே கூடாது. கம்பத்துக்கும் கேபிளின் வெளி உறைக்கும் எர்த் இணைப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரு சேனல்கூட வரவில்லை

எல்லாம் ஒரே நேரத்தில் போனால் காரணம் பெரும்பாலும் எளிமையானது. பூஸ்டர் இருந்தால் அதன் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள்; துளியும் சூடு இல்லை என்றால் சந்தேகத்துக்கு உரியது. கேபிள் வழியே பூஸ்டருக்கு மின்சாரம் அனுப்பும் பவர் இன்ஜெக்டரில் ஆன்டெனா பக்கம், டிவி பக்கம் என்று இரண்டு முனைகள் உண்டு. மாற்றி மாட்டினால் மின்சாரம் மேலே போகாது. இன்ஜெக்டருக்கும் பூஸ்டருக்கும் நடுவில் ஸ்ப்ளிட்டர் இருந்தால், அது மின்சாரத்தைக் கடத்தும் வகையா, எந்த முனை வழியே கடத்துகிறது என்று பாருங்கள்.

அடுத்து கனெக்டர்கள். கேபிளின் வெளிவலையிலிருந்து முடி போன்ற ஒரு கம்பி இழை நடுக்கம்பியைத் தொட்டாலே போதும், எல்லாம் நின்றுவிடும். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் டிவியின் டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) அமைப்பு "கேபிள்" என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒளிபரப்பு முறையும் ஒரு காரணமாகலாம். டிவிபி-டி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையை மட்டும் அறிந்த பழைய டிவி, அதற்கு அடுத்த தலைமுறையான டிவிபி-டி2 ஒளிபரப்பைக் கண்டுபிடிக்காது, சிக்னல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் சரி. அதற்கு ஒரு செட்டாப் பாக்ஸ்தான் வழி.

ஒன்றிரண்டு சேனல்கள் மட்டும் காணாமல் போய்விட்டன

முதலில் மறு ஸ்கேன். நிலையங்கள் அலைவரிசையை மாற்றும். டிவி பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். யு.எச்.எஃப். டிவி பட்டையின் மேற்பகுதி பல நாடுகளில் மொபைல் சேவைக்குக் கொடுக்கப்பட்டதால் இந்த இடமாற்றம் பெரிய அளவில் நடந்தது. ஒரு காலத்தில் 862 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்த பட்டை இப்போது ஐரோப்பாவில் 694-இல் முடிகிறது. அமெரிக்காவில் 2020-இல் முடிந்த மாற்றத்துக்குப் பிறகு 608-இலேயே முடிகிறது. சாதாரண ஸ்கேன் பழைய பதிவுகளை அழிக்காமல் விட்டால், ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். பட்டியல் காலியாகும். பிறகு கேபிளை மாட்டி மறுபடி ஸ்கேன்.

திரையில் தெரியும் சேனல் எண்ணை நம்பி முடிவுக்கு வர வேண்டாம். அது வெறும் பெயர்ப்பலகை. 5 என்று காட்டும் நிலையம் உண்மையில் யு.எச்.எஃப்.-இல் எங்கோ ஒளிபரப்பாகலாம்; வேறொன்று அதைவிடக் குறைந்த அலைவரிசைகள் கொண்ட வி.எச்.எஃப். பட்டையில் இருக்கலாம். காணாமல் போனது வி.எச்.எஃப். என்றால் யு.எச்.எஃப். ஆன்டெனாவை எவ்வளவு திருப்பினாலும் பயன் குறைவு. 600 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 25 செ.மீ.; 200 மெகாஹெர்ட்ஸில் 75 செ.மீ. சின்னக் கம்பிகள் அதற்குப் போதாது. ஆகவே உங்கள் நிலையங்கள் ஒவ்வொன்றும் உண்மையில் எந்த அலைவரிசையில் இருக்கின்றன என்ற பட்டியல் ஒன்று கையில் இருக்கட்டும்.

அந்தப் பட்டியல் கையில் இருந்தால் இன்னொரு விஷயமும் தெளிவாகும். போன சேனல்கள் எல்லாம் பட்டையின் மேல் முனையில் இருக்கின்றனவா? அப்படியானால் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளில் இழப்பு அலைவரிசையோடு கூடும். கேபிள் பழசாகிப்போனாலும் ஈரம் ஏறினாலும் முதலில் அடிபடுவது மேல் சேனல்கள். மேல் முனை போவதற்கு மொபைல் டவரும் காரணமாகலாம், அதைப் பின்னால் பார்ப்போம். போன சேனல்கள் வரிசை இல்லாமல் சிதறிக் கிடந்தால், பட்டுத் திரும்பும் அலைகளின் வேலையாக இருக்கும். கட்டடத்திலோ மலையிலோ பட்டு வரும் அலை நேர் அலையோடு சேரும்போது, சில அலைவரிசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆன்டெனாவை 20, 30 செ.மீ. மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ நகர்த்திப் பாருங்கள். அலைநீளமே அரை மீட்டர்தான் என்பதால் அவ்வளவு சின்ன நகர்வே நிலைமையைத் தலைகீழாக்கும். உயரம் கூடினால் எப்போதும் நல்லது என்பது பொது விதிதான். ஆனாலும் ஒரு கூரையில் கீழே இறக்கினால் நன்றாக வரும் இடங்கள் உண்மையிலேயே உண்டு.

எல்லா சேனலும் மெலிந்து வருகிறது

இங்கேதான் தூரமும் உயரமும் கணக்குக்கு வருகின்றன. யு.எச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். மலைக்குப் பின்னால் வளைந்து இறங்குவதில் வி.எச்.எஃப்.-ஐவிடப் பலவீனமானது. வானொலி அடிவானத்தை, அதாவது அலை எட்டக்கூடிய தூரத்தை, கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஒளிபரப்புக் கோபுரத்தின் உயரத்தையும் உங்கள் ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். 300 மீட்டர் கோபுரம், 9 மீட்டரில் ஆன்டெனா என்றால் சுமார் 84 கிலோமீட்டர். சமதளத்துக்கான கணக்கு இது. நடுவில் மேடு இருந்தால் குறையும். நீங்கள் இந்த எல்லைக்கு வெளியே இருந்தால், அட்டையில் எத்தனை கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் அந்த ஆன்டெனாவால் தினசரி நம்பகமான படம் தர முடியாது. "டிஜிட்டல் ஆன்டெனா", "எச்.டி. ஆன்டெனா" என்ற பெயர்களும் அப்படித்தான். ஆன்டெனாவுக்கு அலைவரிசை மட்டுமே தெரியும், உள்ளே இருப்பது டிஜிட்டலா என்பது தெரியாது.

வீட்டுக்குள் வைத்த ஆன்டெனா என்றால் முதல் தீர்வு அதை வெளியே கொண்டுபோவது. கான்கிரீட், இரும்புக் கம்பி வலை, உலோகப் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி, அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பு எல்லாமே யு.எச்.எஃப்.-ஐத் தின்னும். வெளியே வைக்கவே முடியாது என்றால் கோபுரம் இருக்கும் திசையின் ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள்.

வெளியே இருந்தும் மெலிந்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கம்பிகள் நிற்கும் நிலை. சில நிலையங்களின் அலை செங்குத்தாக அதிரும், சிலவற்றின் அலை கிடையாக. அலை செங்குத்தாக வரும்போது ஆன்டெனாவின் கம்பிகள் கிடையாக இருந்தால் 20 டெசிபல் அளவுக்குக்கூட இழக்கலாம். இரண்டாவது, கேபிள். ஆர்.ஜி.59 வகைக் கேபிளில் 30 மீட்டருக்கு யு.எச்.எஃப்.-இல் 7 டெசிபலோ அதற்கு மேலோ போகும், ஆர்.ஜி.6 என்றால் 5 முதல் 6. நீளத்தைக் குறைப்பதும் ஆர்.ஜி.6-க்கு மாறுவதும் பூஸ்டரைவிட நேர்மையான முன்னேற்றம்.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால் பூஸ்டருக்கு இடம் உண்டு, ஆனால் கம்பத்தில், ஆன்டெனாவுக்கு ஒட்டினாற்போல. டிவிக்குப் பின்னால் வைத்த பூஸ்டர், கேபிள் முழுக்கத் தேய்ந்து வந்த சிக்னலையும் அதனோடு வந்த இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். கேபிளில் தேய்வதற்கு முன்பே உயர்த்தினால்தான் லாபம். வாங்கும்போது பெருக்கம் எவ்வளவு என்பதைவிட இரைச்சல் அளவு (பூஸ்டர் தானே சேர்க்கும் இரைச்சல்) எவ்வளவு குறைவு என்று பாருங்கள். 1 முதல் 2 டெசிபலுக்குள் இருந்தால் நல்லது. இழந்துவிட்ட சிக்னலை எந்தப் பூஸ்டரும் திரும்பக் கொண்டுவராது.

வலிமை நிறைந்து காட்டுகிறது, ஆனாலும் படம் உடைகிறது

இது அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி. மூன்று காரணங்கள் இருக்கலாம்.

டியூனரோ பூஸ்டரோ அளவுக்கு மீறிய சிக்னலில் திணறுவது ஒன்று. கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்கள் பூஸ்டர் போட்டால் இது நடக்கும். வலுவான சேனல்கள் பூஸ்டருக்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடங்களில் இரைச்சலை உண்டாக்கும். மெலிந்த சேனல்கள் அதில் மூழ்கிவிடும். கண்டுபிடிப்பது எளிது: சிக்னலைக் குறைக்கும் 6 அல்லது 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் ஒன்றை நடுவில் மாட்டுங்கள். சிக்னலைக் குறைத்ததும் படம் தெளிந்தால் இதுதான் காரணம். பூஸ்டரைக் கழற்றிவிடுங்கள், அல்லது பெருக்கத்தைக் குறையுங்கள்.

மொபைல் டவர் இரண்டாவது. அமெரிக்காவில் டிவி 608-இல் முடிகிறது, மொபைல் டவர்கள் 617-இலேயே அலை அனுப்பத் தொடங்குகின்றன. இடைவெளி வெறும் 9 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் டிவிக்கு மிக அருகே இருப்பது கைப்பேசி அனுப்பும் அலை என்பதால், உள்ளே வைத்த ஆன்டெனாவின் பக்கத்தில் போனை வைப்பதுகூடச் சில நேரம் தொந்தரவாகும். பழைய பூஸ்டர்கள் 862 வரை எல்லாவற்றையும் பெருக்குபவை. அவை மொபைல் அலையையும் மகிழ்ச்சியாகப் பெருக்கிக் கொடுக்கும். உங்கள் நாட்டின் பட்டை எல்லைக்குப் பொருந்திய, மொபைல் அலையைத் தடுக்கும் ஃபில்டர் போட வேண்டும், அதுவும் பூஸ்டருக்கு முன்னால். பின்னால் போட்டால் கெட்டது ஏற்கெனவே கலந்துவிட்டிருக்கும்.

மூன்றாவது, மேலே சொன்ன பட்டுத் திரும்பும் அலைகள். டிவிபி-டி, டிவிபி-டி2 முறைகள் குறிப்பிட்ட தாமதத்துக்குள் வரும் எதிரொலியைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அமெரிக்காவின் முதல் தலைமுறை முறை, எதிரொலியைச் சமன்செய்யும் பொறுப்பை டியூனரிடம் விடுகிறது; பழைய டியூனர்கள் அதில் தடுமாறும். மருந்து, ஒரு திசையை மட்டும் கூர்ந்து பார்க்கும் யாகி வகை ஆன்டெனா. திருப்பும்போது வலிமைப் பட்டை உச்சத்தைத் தொடும் திசையில் நிறுத்தாதீர்கள், தரம் உச்சத்தைத் தொடும் திசையில் நிறுத்துங்கள். சில இடங்களில் இரண்டும் வெவ்வேறு திசைகள்.

காற்றடித்தால் உடைகிறது

ஆன்டெனாவின் பார்வைக் கோட்டில் மரம் இருக்கிறதா? இலைகள் யு.எச்.எஃப்.-ஐ உறிஞ்சும், சிதறடிக்கும். அசையும் இலைகள் சிக்னலை நொடிக்கு நொடி ஏற்றி இறக்கும். இலை உதிர்ந்திருந்த காலத்தில் நன்றாக வந்து, தழைத்ததும் கெட்டால் சந்தேகமே வேண்டாம். ஆன்டெனாவை மரத்தின் உச்சிக்கு மேலேயோ, மரம் மறைக்காத கூரையின் மறுகோடிக்கோ கொண்டுபோங்கள். மரம் இல்லை என்றால் கம்பத்தின் கிளாம்பையும் கனெக்டரையும் ஒருவர் அசைக்க, இன்னொருவர் தரப் பட்டையைப் பார்த்துச் சொல்லட்டும். எங்கே அசைத்தால் பட்டை துள்ளுகிறதோ அங்கேதான் கோளாறு.

மழையில் கெடுகிறது

மழை நின்றதும் சரியாகிறதா, நின்று சில நாள் ஆனபிறகுதான் சரியாகிறதா? மழையின்போது மட்டும் என்றால், நனைந்த இலைகளாகவோ விளிம்பில் நிற்கும் சிக்னலாகவோ இருக்கும். மழைத்துளிகள் தாமே யு.எச்.எஃப்.-ஐத் தடுப்பது மிகக் குறைவு. செயற்கைக்கோள் டிஷ்ஷில் மழையின்போது படம் நின்றுபோவதை வைத்து இதையும் அப்படி நினைக்க வேண்டாம். நாள்கணக்கில் நீடித்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆன்டெனாவில் கேபிள் சேரும் பெட்டியைத் திறந்து பாருங்கள். பச்சை படிந்த செம்பு, கறுத்த வலை தெரிந்தால் முனையை மட்டும் வெட்டிப் புதிதாகக் கனெக்டர் போடுவது அரைகுறை வேலை. உறைக்குள் ஈரம் மீட்டர்கணக்கில் இறங்கியிருக்கும், கேபிளையே மாற்றுங்கள். புதிய கனெக்டரைச் சுற்றித் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

அதிகாலையில், அல்லது இரவில் மட்டும் கெடுகிறது

வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில், குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று படுக்கும். அந்த அடுக்கு யு.எச்.எஃப். அலையைப் பூமியை ஒட்டியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இழுத்துச் செல்லும், கடலின் மேல் இன்னும் நன்றாக. அப்போது அதே அலைவரிசையில் ஒளிபரப்பும் தொலைதூர நிலையம் உங்கள் நிலையத்தின் மேல் வந்து விழும். வெயில் ஏறியதும் சரியாகிவிடும். உங்கள் கருவிகளில் பழுது இல்லை, எதையும் மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் மறு ஸ்கேன் மட்டும் செய்துவிடாதீர்கள்: இருக்கிற சேனல்கள் பட்டியலிலிருந்து போய், நாளை வராத தொலைதூர நிலையங்கள் ஏறிக்கொள்ளும்.

விளக்கையோ கருவியையோ போட்டதும் உடைகிறது

மலிவான எல்.இ.டி. விளக்குகளின் மின்சுற்று, சார்ஜர், சரியாக உறையிடாத எச்.டி.எம்.ஐ. கேபிள் எல்லாம் இரைச்சல் கிளப்பும். யு.எச்.எஃப்.-ஐவிட வி.எச்.எஃப்.-தான் இதில் அதிகம் அடிபடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்; குற்றவாளி அகப்பட்டதும் ஆன்டெனாவை அதிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஒரு டிவியில் வருகிறது, மற்றதில் வரவில்லை

இரண்டு டிவிகளையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறு டிவியோடு போனால் டியூனர், இடத்திலேயே நின்றால் கேபிளோ ஸ்ப்ளிட்டரோ. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3.5 டெசிபல் எடுத்துக்கொள்ளும், நான்காகப் பிரிப்பது 7-க்கு மேல். நான்கு முனை ஸ்ப்ளிட்டரில் இரண்டு காலியாக இருந்தால் இரண்டு முனையுள்ளதாக மாற்றுவது செலவு குறைந்த வைத்தியம்.

சேனல் பெயர் வருகிறது, படமோ ஒலியோ இல்லை

வலிமையும் தரமும் நன்றாக இருந்து ஒன்று மட்டும் வரவில்லை என்றால், அந்த ஒளிபரப்பின் படச் சுருக்க முறையையோ ஒலி முறையையோ உங்கள் டிவி அறியவில்லை, அல்லது அந்தச் சேனல் பூட்டப்பட்டிருக்கிறது. மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் செட்டாப் பாக்ஸ்.

சரியாகிவிட்ட பிறகு ஒரு சோதனை

எல்லா சேனலும் வரத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று ஏணியை எடுத்துவிட வேண்டாம். டிவிக்கு முன்னால் தற்காலிகமாக இரண்டு முனை ஸ்ப்ளிட்டர் ஒன்றை மாட்டி, 3.5 டெசிபலை வேண்டுமென்றே இழந்து பாருங்கள். அப்படியும் எல்லாம் உடையாமல் வந்தால் இன்னொன்றையும் தொடர்ச்சியாக மாட்டுங்கள். முதல் ஸ்ப்ளிட்டரிலேயே எந்த சேனல் உடைகிறதோ, அடுத்த காற்றிலும் மழையிலும் அதுதான் முதலில் போகும். ஏணி இன்னும் சாத்தியிருக்கும்போதே, அந்த ஒரு சேனலின் தரத்தைப் பார்த்துக்கொண்டு ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.